டோன் குடுங்கம்மா

"அம்மா, டோன் குடுங்கம்மா."

"இப்பத்தானேம்மா குடுத்தேன்?"

"அது பாதியில நின்னு போச்சும்மா. இன்னொரு தடவை குடுங்க."

"சரி, இரு. குடுக்கச் சொல்றேன்."

ஃபோனின் அந்தப் பக்கத்தில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி நகர்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காதைத் துளைக்கிற மாதிரி நீளமாக ஒரு விசில்: "கீஈஈஈஈ…"

ஸ்கேல் சட்டென்று பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு ரிசீவரை வைத்தாள். ஃபேக்ஸ் மெஷின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேப்பரின் தலையை லேசாக உள்ளே இழுத்தது. இழுத்தபடியே நின்றது. யோசித்தது. கடைசியில் வீல் வீலென்று கத்திவிட்டு ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது: 'அனுப்ப முடியவில்லை. எதிர்முனையிலிருந்து பதில் இல்லை.'

"பதில் இல்லையா? காது கிழியக் கத்துதே, அது பதில் இல்லாம வேற என்னவாம்?" என்று மெஷினைக் கேட்டாள் ஸ்கேல்.

"மெஷின்கிட்ட என்னடி சண்டை?" என்று பக்கத்து மேஜையிலிருந்து டைப்பிஸ்ட் அக்கா தலையை நீட்டினாள்.

ஸ்கேல் என்பது அவள் பெயரில்லை. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற அந்தச் சின்ன ஆபீசில் படம் வரைகிற பெண் அவள். கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்கேலைச் செருகி வைத்திருப்பாள். சாப்பிடும்போதும் எடுக்க மாட்டாள். ஒரு தடவை பஸ்சில் திரும்பிப் பார்த்து ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டாள் என்று கேள்வி. வேலைக்குச் சேர்த்துக்கொண்ட என்ஜினியர், "கொஞ்ச மாசம் பார்க்கறேன். தப்பில்லாம வரைஞ்சா நிரந்தரம். இல்லேன்னா உன் ஸ்கேலு உனக்கு, என் வாசல் எனக்கு" என்று சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்ச மாசம் இந்த வாரத்தோடு முடிகிறது.

இந்த வாரமா பார்த்துத் தப்பு வர வேண்டும்!

பல் டாக்டர் ஒருவருக்கு மாடியோடு ஒரு ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரேசிங் பேப்பர் கண்ணாடி மாதிரி, எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடு தெரியும். ஸ்கேல் கீழ்த்தளத்துப் படத்தைப் புரட்டிப் போட்டு, அதன்மேல் மாடிப்படியை வரைந்துவிட்டாள். படி இடதுபுறம் ஏற வேண்டியது, வலதுபுறம் ஏறியது. கதவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் படம் சைட்டுக்குப் போய்ப் பல நாளாகிவிட்டது. இன்று காலை காப்பி குடித்துக்கொண்டே பழைய நகலைப் புரட்டியபோதுதான் அவள் கண்ணில் பட்டது.

"ஐயோ அக்கா, படி ஏறிப் போனா எதிர்ல சுவர்!"

"நல்லதாப் போச்சு. பல்வலியோட ஏறி வர்றவன் அதுல முட்டி மிச்சப் பல்லையும் உதிர்த்துப்பான். டாக்டருக்கு வேலை மிச்சம்."

"விளையாடாதீங்கக்கா. இன்னிக்கு நாலு மணிக்குப் படிக்குக் கான்கிரீட் போடறாங்க. போட்டுட்டா ஒடைக்கணும். ஒடைச்சா சாருக்குத் தெரியும். தெரிஞ்சா நான் வீட்டுக்கு."

சைட்டில் ஃபோன் கிடையாது. கான்ட்ராக்டர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். அவருடைய கார்டில் 'ஃபோன் / ஃபேக்ஸ்' என்று ஒரே நம்பர் போட்டிருந்தது. என்ஜினியர் சாப்பிடப் போயிருக்கிற நேரத்தில் திருத்தின படத்தை ஃபேக்ஸில் தட்டிவிட்டால், சத்தமில்லாமல் காரியம் முடிந்துவிடும். அப்படித்தான் ஸ்கேல் கணக்குப் போட்டாள். படத்தின் கீழே தன் கையாலேயே எழுதினாள்: 'படி தப்பாக வரைந்துவிட்டேன். இதன்படி கட்டவும். தயவுசெய்து என்ஜினியர் சாருக்குத் தெரிய வேண்டாம்.'

ஒரே நம்பர் என்றால் ஒரு வழக்கம் உண்டு. முதலில் சாதாரண ஃபோன் மாதிரிப் பேச வேண்டும். எடுத்தவரிடம் "டோன் குடுங்க" என்று கேட்க வேண்டும். அவர் தன் மெஷினைத் தட்டுவார், விசில் வரும், உடனே நாம் இந்தப் பக்கம் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். கான்ட்ராக்டர் வீட்டில் எடுத்தது அவருடைய அம்மா. கேட்டவுடனே தங்கமாக டோன் கொடுத்தார். பேப்பர்தான் போகவில்லை.

"அம்மா, நான் சொல்றதை உங்க பையன்கிட்ட வாயால சொல்லிடறீங்களா? படியை இடது பக்கமா…"

"நான் சொல்லிக் கேட்டுட்டாலும்! பேப்பர் இல்லாம ஒரு செங்கல்லை நகத்த மாட்டான் என் புள்ள. சின்ன வயசுலேயே அப்படித்தான். கடைக்குப் போன்னாக்கூட எழுதிக் குடும்பான். உனக்கு டோன்தானே வேணும்? அதைக் கேளு, குடுக்கறேன்."

"இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக் குடுக்கச் சொல்லுங்கம்மா."

"சொல்றேன். கேக்கணுமே."

நீளமாகவே வந்தது. விசில் முடிந்து 'கொர கொர கிர்' என்று பேச்சுக்கூட வந்தது. துண்டுச் சீட்டும் வந்தது.

"பேப்பரைத் திருப்பி வெச்சுப் பாரேன்" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா.

திருப்பி வைத்தாள். சீட்டு வந்தது.

"பொத்தானைக் கொஞ்சம் லேட்டா அமுக்கேன்."

லேட்டாக அமுக்கினாள். அதற்கும் சீட்டு வந்தது.

"அம்மா, மன்னிச்சுக்குங்க, மறுபடியும் நான்தான்…"

"இரும்மா, வெயில் நேரம். கொஞ்சம் மந்தமா இருக்கு. ஜன்னலோரம் காத்தாட வெச்சிருக்கேன். காலையில கூப்பிட்டிருந்தா ஜோராக் குடுத்திருக்கும்."

ஸ்கேல் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். "அக்கா, அவங்க மெஷின் சூடாயிடுச்சாம்."

"பின்னே? நீ விடற தொல்லைக்கு நானா இருந்தா கொதிச்சிருப்பேன்."

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

என்ஜினியருக்கு அந்த ஃபேக்ஸ் மெஷின் என்றால் உயிர். அது ஆபீசுக்கு வந்த நாளில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். யார் எதை நீட்டினாலும் கழுத்தைத் திருப்பாமல் கையெழுத்துப் போட்டார். தெருக்கோடியில் இருக்கிற ஆளுக்குச் செய்தி சொல்வதானாலும் ஃபேக்ஸ்தான். உள்ளே நுழைந்தவர் தரையில் உதிர்ந்து கிடந்த துண்டுச் சீட்டுகளைப் பார்த்தார். ஆசையாக வளர்த்த செடியை ஆடு மேய்ந்துவிட்ட மாதிரி அவர் முகம் போயிற்று.

"என்னம்மா இது? என் மெஷினை என்ன பண்ணின?"

"ஒண்ணும் இல்ல சார். கான்ட்ராக்டருக்கு ஒரு சின்ன விளக்கம். போகலை. பரவாயில்ல சார், நான் பஸ்ல போயே குடுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே பேப்பரை உருவப் போனாள்.

"கையை எடு! மெஷின் இருக்கறப்ப பஸ்ஸா? அப்புறம் இதை எதுக்கு வாங்கி வெச்சிருக்கேன், பூப்போட்டு கும்பிடவா?"

நல்ல வேளை, இது டிரேசிங் பேப்பர் இல்லை; கவிழ்ந்தும் இருந்தது. எழுதின பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. ஸ்கேல் அந்த வெள்ளைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ஜினியர் தானே நம்பரைச் சுழற்றினார்.

"அம்மா, டோன் குடுங்க!"

"அடேயப்பா, இப்ப ஆம்பளையா? இருப்பா."

விசில் வந்தது. என்ஜினியர் ஸ்பீக்கரைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கச்சேரி மாதிரிக் கேட்டார். "ஆகா! என்ன சுத்தமான டோன். ஏறி இறங்கி ஒரு குழைவோட வருது பாரு. நம்ம மெஷின் இப்படி ஒரு நாள் குழைஞ்சிருக்கா? இது வெளிநாட்டு மாடல்தான். கான்ட்ராக்டர் எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

அந்த 'சொல்லவே இல்லையே'யில் வயிற்றெரிச்சல் நன்றாகவே கேட்டது.

சீட்டு வந்தது. என்ஜினியர் மெஷின் விற்ற கடைக்கு ஃபோன் போட்டார். மெக்கானிக் வருவதற்குள் கடிகாரத்தின் சின்ன முள் மூன்றைத் தாண்டிவிட்டது. "நான் பஸ்ல…" என்று ஸ்கேல் நடுவில் இரண்டு தடவை ஆரம்பித்தாள். "பஸ்ஸு பஸ்ஸுன்னு சொல்றியே, உங்கப்பா கண்டக்டரா?" என்று அவள் வாயை அடைத்தார் என்ஜினியர்.

மெக்கானிக் நிதானமான ஆள். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துடைத்தார். ஊதினார். மறுபடி மாட்டி, பேப்பரையும் இருந்தபடியே செருகினார். ஒரு திருகாணி பையிலேயே நின்றுவிட்டது. கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போட்டு ஸ்பீக்கரில் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"டோன் இருக்கு. பேச்சும் இருக்கு. ஆனா பேச்சுல அர்த்தம் இல்ல சார்."

"அப்படின்னா?"

"சொல்றேன் சார். மொதல்ல நம்ம மெஷின் பீப், பீப்னு கதவைத் தட்டும். அந்தப் பக்கம் நீளமா ஒரு விசில் குடுக்கும். 'ஆள் இருக்கேன், வா'ன்னு அர்த்தம். அடுத்து அது தன் சமாசாரத்தைச் சொல்லணும். நான் இவ்வளவு வேகம் தாங்குவேன், எங்கிட்ட இந்த அளவு பேப்பர் இருக்குன்னு. நம்மது, 'சரி, அப்ப இந்த வேகத்துல பேசறேன், கேக்குதா பாரு'ன்னு கொஞ்சம் பேசிக் காட்டும். கேட்டா அது 'நல்லா இருக்கு'ங்கும், கேக்கலேன்னா 'மெதுவாப் பேசு'ங்கும். ரெண்டும் ஒத்துக்கிட்ட பிறகுதான் பேப்பரே நகரும். கடைசியில 'வந்து சேர்ந்துச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ரெண்டும் ஃபோனை வெச்சிடும்."

"எங்க சம்பந்தி வீட்டை விட மரியாதையால்ல நடந்துக்குதுங்க!" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா.

"இந்த மெஷின் 'வா'ன்னு கூப்பிடுது. வாசல்லயே நிக்க வெச்சு என்னென்னமோ உளறுது. நாம கேக்கற எதுக்கும் பதில் இல்ல. இப்படி ஒரு மாடல் நான் பார்த்ததில்ல சார்."

"உனக்கெங்க தெரியும்? வெளிநாட்டு மாடல்" என்றார் என்ஜினியர். "இதோ பாரு, தப்பு நம்ம பக்கமா அந்தப் பக்கமான்னு ஒரே நிமிஷத்துல காட்டறேன். டெஸ்ட் பண்ணுவோம். பல் டாக்டர் போன வாரம்தான் மெஷின் வாங்கினார். நான்தான் வாங்க வெச்சேன்."

"சார்! வேண்டாம் சார்! வேற பேப்பர் வெக்கறேன் சார்!"

"டெஸ்டுக்கு எந்தப் பேப்பரா இருந்தா என்ன?" என்று சொல்லி, டாக்டர் நம்பரைப் பதிந்து வைத்திருந்த பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கினார்.

பீப். பீப். அந்தப் பக்கம் விசில். கொர கொர. இந்தப் பக்கம் கிர் கிர். எல்லாம் மெக்கானிக் சொன்னபடி, சொன்ன வரிசையில் நடந்தது. பேப்பர் நகர்ந்தது. முதலில் ஆஸ்பத்திரி வாசல் உள்ளே போயிற்று. பிறகு வரவேற்பறை. பிறகு மாடிப்படி. ஸ்கேலின் கை தானாகவே சுவரிலிருந்த பிளக்கை நோக்கிப் போனது.

"தொடாதே! போயிட்டிருக்கறப்ப தொடக் கூடாது!"

அவள் கைப்பட எழுதின வரிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மெஷின் சந்தோஷமாக ஒரு சீட்டை நீட்டியது: 'போய்ச் சேர்ந்தது.'

"பார்த்தியா!" என்று என்ஜினியர் மெக்கானிக்கின் முதுகில் தட்டினார். "என் மெஷின் தங்கம்!"

தங்கத்தின் பக்கத்திலிருந்த ஃபோன் மணியடித்தது. அதே உற்சாகத்தில் என்ஜினியர் ஸ்பீக்கரைப் போட்டார். ஆபீசே கேட்க, டாக்டர் குரல் சாவதானமாக வந்தது.

"என்ஜினியர் சாரா? 'என்ஜினியர் சாருக்குத் தெரிய வேண்டாம்'னு எனக்கு ஒரு ஃபேக்ஸ் வந்திருக்கு சார். உங்களுக்குத் தெரியுமா?"

என்ஜினியர் பேப்பரை எடுத்தார். திருப்பினார். படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மெக்கானிக் நாசூக்காக, பையில் மிஞ்சின திருகாணியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"ஏறு ஸ்கூட்டர்ல" என்றார் என்ஜினியர்.

"சார், நான் பஸ்லயே…"

"ஏறுன்னேன்!"

என்ஜினியர் ஸ்கூட்டரை விரட்டினார். ஒரு திருப்பத்தில் மாடு குறுக்கே வந்தது. ஸ்கூட்டரை நிறுத்தி, மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளையிலேருந்து உன் ஸ்கேலை உன் வீட்லயே வெச்சுக்கோ."

"சரி சார்." மாடு பாவமாக அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு வழிவிட்டது. சுருட்டின படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கான்கிரீட் கலவை ஒவ்வொரு படியாக வழிந்து இறங்குவதை மனசுக்குள் பார்த்துக்கொண்டே வந்தாள் ஸ்கேல்.

சைட்டுக்குப் போகிற வழியிலிருந்த கான்ட்ராக்டர் வீட்டு வாசலில், கான்ட்ராக்டரே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

"நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க! சைட்டுப் பக்கத்துக் கடையிலேருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு விரலே தேய்ஞ்சு போச்சு சார். எப்பப் பார்த்தாலும் எங்கேஜ்டு! ஆபீசுல அப்படி யார்கிட்டதான் பேசிட்டிருந்தீங்க?"

என்ஜினியர் ஸ்கேலைப் பார்த்தார். ஸ்கேல் தரையைப் பார்த்தாள்.

"கான்கிரீட் போட்டாச்சா?"

"எங்க போடறது? கலவை ஊத்தப் பலகை அடிச்சுட்டு ஏறி நின்னு பார்க்கறேன், எதிர்ல சுவரு! கலவையை நிறுத்துங்கடான்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்த கையோட, சோறுகூடத் திங்காம உங்களைத் தேடித்தான் இப்ப கிளம்பினேன்."

ஸ்கேல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படி சரியான பக்கத்தில்தான் இருந்தது.

"எல்லாம் இந்தப் பொண்ணு பண்ணின வேலை" என்று ஆரம்பித்தார் என்ஜினியர். "பேப்பரைப் புரட்டிப் போட்டு வரைஞ்சிருக்கா. நான் மட்டும் பார்த்திருந்தா…"

"பார்த்திருக்கீங்களே சார்!" கான்ட்ராக்டர் சட்டைப் பையிலிருந்து பழைய படத்தை எடுத்து விரித்தார். "இதோ, 'சரிபார்த்தேன்'னு உங்க கையெழுத்து. நீங்களே பார்த்துட்டு விட்டிருக்கீங்களேன்னுதானே நானும் பலகை அடிச்சேன்?"

கையெழுத்தின் கீழே தேதியும் இருந்தது. ஃபேக்ஸ் மெஷின் ஆபீசுக்கு வந்த தேதி.

என்ஜினியர் அந்தக் கையெழுத்தை யாரோ வேற்று ஆளுடையது மாதிரி வெகுநேரம் பார்த்தார். இருமினார். புதுப் படத்தை ஸ்கேலிடமிருந்து வாங்கி, இந்தத் தடவை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். "பேனா இருக்கா?" என்றார். கையெழுத்துப் போட்டுக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தார்.

"என்னம்மா."

"சார்?"

"ஸ்கேலை… நாளைக்கு மறக்காம எடுத்துட்டு வா. நாளன்னிக்கும். அப்புறமும்."

ஸ்கேலின் கை கொண்டைக்குப் போயிற்று. ஸ்கேல் இருந்தது.

அதற்குள் உள்ளேயிருந்து கான்ட்ராக்டரின் அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாரு? ஓயாம டோன் கேட்டது நீதானாம்மா? குரலை வெச்சு இன்னும் குண்டா இருப்பேன்னு நெனச்சேன். உள்ள வாங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."

பேச்சை மாற்ற ஒரு வழி கிடைத்த சந்தோஷத்தில் என்ஜினியர் கையைக் கூப்பினார்.

"அம்மா, மோர் இருக்கட்டும். ஒரே ஒரு விஷயம். உங்க மெஷின் என்ன மாடல்? இவ்வளவு குழைவா ஒரு டோனை நான் கேட்டதே இல்ல. எங்க வாங்கினீங்க? எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்."

கான்ட்ராக்டர் திகைத்துப்போய்த் தன் அம்மாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், அந்த அம்மா முகமெல்லாம் பூரிக்கச் சொன்னார்:

"மெஷின் கெட்டுப்போய்க் கடைக்குப் போனதோட சரி தம்பி, இன்னும் திரும்பி வரலை, ஃபோன் பண்றவங்கல்லாம் டோன் குடு, டோன் குடுன்னு கெஞ்சறாங்களேன்னு, நான்தான் ரிசீவரை, அதே மாதிரி விசிலடிக்கிற எங்க மைனா கூண்டுகிட்ட நீட்டிட்டிருக்கேன்!"